சப்பாத்தின் அடியில் வெள்ளை

சிவாஜினிக்கு ஒளித்துப் பிடித்து விளையாட்டு ஆகவே ஆகாது. பிறந்தநாள் வீடுகளில் பிள்ளைகள் கதவு மறைவில் பதுங்கத் தொடங்கினால் போதும், கையிலிருக்கும் கேக் தட்டை வைத்துவிட்டு பல்கனிக்குப் போய்விடுவாள். "உவவுக்குப் பிள்ளையளின்ர சத்தம் பிடியாது" என்று சனம் கதைக்கும். சனத்துக்கு என்ன, வாய் சும்மா கிடக்குமா? சத்தம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. ஒளித்திருக்கிற பிள்ளை மூச்சுக் காட்டாமல் இருக்குமே, அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளால் தாங்க முடியாதது.

மொன்றியலின் லாசால் பகுதியில் இரும்பு அலுமாரிகளுக்கு வர்ணம் அடிக்கும் பட்டறை ஒன்றில் அவளுக்கு வேலை. ஸ்ப்ரேயைக் கையில் எடுத்தாளென்றால் ஒரு சொட்டு வழியாது, ஒரு திட்டு நிற்காது. மற்றவர்கள் பாழாக்கியதையெல்லாம் முதலாளி அவளிடம்தான் தள்ளிவிடுவார். அப்படிப்பட்ட கைகாரி தன் வீட்டுக்கு வாங்கும் சாமான்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். குடை சிவப்பு, கைப்பை செம்மஞ்சள், புருஷன் டனிஸ்ரனுக்கு லவாலில் ஒரு கடையில் தேடிப்பிடித்த குளிர்ச்சட்டை கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள். அதைப் போட்டுக்கொண்டு அவன் பனியில் நடந்தால் தெருமுனையில் வரும்போதே தெரியும். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

டனிஸ்ரன் ஏழு வயதில் மொன்றியலுக்கு வந்தவன். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்கு வான் ஓட்டுகிறான். அந்தச் சட்டையால் சந்தை முழுக்க அவனுக்குப் பட்டப்பெயர் 'பனான்', வாழைப்பழம். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிவான், நல்ல மனுசன். கடைக்கார ரெஜான் போன இலையுதிர்காலத்தில் அவனை மான் வேட்டைக்குக் கூப்பிட்டு, தன்னுடைய பழைய வில்லையும் கொடுத்துவிட்டார். கறுப்பு வில், பளபளவென்றிருந்தது.

"சிவா, இதுக்கு ஒருக்கா கமோ அடிச்சுத் தாருமன். மினுங்கினா மான் கண்டிடுமாம்."

"கடையில அடிச்சதே விக்குதுதானே, வாங்குங்கோவன்."

"கடைக்காரனுக்கு உம்மட கை வருமே?"

அவன் கமோ என்றான். அவள் காதில் உருமறைப்பு என்றே விழுந்தது. சண்டைக்காலத்து வன்னியில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சொல் அது. ஆனாலும் மனுசன் ஆசைப்பட்டு ஒன்று கேட்டிருக்கிறான், எப்படி மாட்டேன் என்பது? சரியென்று தலையாட்டினாள்.

சனிக்கிழமை, வீட்டின் பின்வளவில் வேலை தொடங்கியது. வில்லைத் தேய்த்து, துடைத்து, மினுக்கமில்லாத மண்ணிறம் அடித்தாள். அது காய்ந்தபின் மேலே வைத்து அடிக்க இலைகள் வேண்டும். அந்த ஊர் ஆட்கள் காட்டுப் பன்னச் செடியின் இலையையோ மேப்பிள் இலையையோ வைப்பார்கள். இவள் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு கட்டுக் கருவேப்பிலையை எடுத்துக்கொண்டு வந்தாள். நெட்டோடு கருவேப்பிலையை வைத்து மேலே கடும்பச்சை, சந்தையிலிருந்து வந்த வெங்காயச் சாக்கின் வலையைப் போர்த்து மேலே தவிட்டு நிறம், பிறகு கொஞ்சம் சாம்பல்.

"மான் கறிக்கு இப்பவே கருவேப்பிலை போட்டாச்சு!" டனிஸ்ரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அம்புக்கூடு, தொப்பி, பழைய காற்சட்டை, மேற்சட்டை, சப்பாத்து என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கினான். கை ஓடத் தொடங்கினால் அவளுக்கும் நிற்காது.

எல்லாம் காய்ந்தபின் வில்லை வேலிச் செடியில் சாத்திவைத்துவிட்டு கை கழுவப் போனாள். திரும்பி வந்து பார்க்கிறாள், வில் இல்லை! களவு போய்விட்டதோ என்று வேலியடிக்கு ஓடினாள். அங்கேயேதான் இருந்தது. தொடுகிற தூரத்தில் நின்றும் கண்ணுக்குப் படவில்லை.

"சிவா, என்னைக் கண்டுபிடியும் பாப்பம்!"

குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வேலியைப் பார்த்தாள், கொட்டிலைப் பார்த்தாள், விறகுக் குவியலைப் பார்த்தாள். ஒரு மனிதன் இல்லை. "வெளியில வாங்கோ" என்றாள். சத்தமில்லை. "வாங்கோ எண்டு சொல்லுறன்!" என்று அவள் வீரிட்ட வீரிடலில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள். டனிஸ்ரன் அவளுடைய காலடிக்குப் பக்கத்திலிருந்து எழும்பினான். விறகோடு ஒட்டிப் படுத்திருந்திருக்கிறான், பாவி!

அவன் பிரியாணி வாங்கி வந்து சமாதானம் செய்தான். ஏன் வீரிட்டாள் என்று சொல்வதென்றால் நிதுசனில் இருந்து தொடங்க வேண்டும்.

நிதுசன் அவளுடைய தம்பி. 2009இல் அவனுக்குப் பதினைந்து, இவளுக்குப் பதினேழு. வெள்ளைச் சட்டை மேலே விமானத்தில் பறக்கிறவனுக்குத் தெரியும் என்று சனம் பள்ளிக்கூடச் சட்டைகளுக்கெல்லாம் சாயம் போட்ட காலம் அது. தேயிலைச் சாயத்தில் செம்மண்ணைக் கரைத்துத் தோய்த்து, இலையைக் கசக்கிப் பூசுவாள் சிவாஜினி. சிவாஜினியின் கை நல்ல கை என்று அயலட்டையெல்லாம் சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தது. தம்பியின் சட்டைக்கு மட்டும் இரண்டு தரம் தோய்த்தாள். அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பவில்லை. அவன் போன பக்கம் செல் குண்டு விழுந்திருந்தது. அவளும் ஐயாவும் பற்றைக்குள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினார்கள்.

டனிஸ்ரன் வேட்டைக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், அவள் அவனுடைய சப்பாத்துகளைக் கவிழ்த்து வைத்தாள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே நிலத்தில் படாத பள்ளம் இருக்கிறதல்லவா, நடந்தாலும் லேசில் தேயாத இடம், அங்கே பட்டறையிலிருந்து கொண்டுவந்த வெள்ளையை அடித்தாள். இரண்டு தரம்.

"இதென்ன கோதாரி?"

"கிடக்கட்டும்."

"ஆரும் அடியில வெள்ளை அடிப்பினமே?"

"நான் அடிப்பன். போட்டால் போங்கோ, இல்லாட்டிப் போகவேண்டாம்."

போனான். அந்த இரண்டு நாளும் அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். ஞாயிறு மாலை வந்தவனின் முகம் உம்மென்றிருந்தது. கூட வந்த ரெஜான் வாசலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். மரத்தில் கட்டிய இருக்கையில் பனான் காலைத் தொங்கப்போட்டு இருந்தாராம். நல்ல கொம்பன் மான் ஒன்று நேரே கீழே வந்து நின்றதாம். இவர் வில்லை இழுக்கக் காலை நீட்டித் தூக்கினாராம். மேலே வெள்ளையாக இரண்டு ஆடுவதைக் கண்ட மான் ஒரே பாய்ச்சல்!

ரெஜான் போனபின் டனிஸ்ரன் சப்பாத்தைக் கழற்றி எறிந்தான். "இனி என்ர சாமானில கை வைக்காதையும், விளங்கிச்சுதா? ஆளைக் கோமாளியாக்கிப் போட்டீர்!"

அவள் அந்தச் சப்பாத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி கிடந்த இடத்தை நாங்கள் ரெண்டு தரம் தாண்டிப் போனனாங்கள்" என்றாள். "தெரியேல்லை. என்ர சாயம் அப்பிடி. அடுத்த நாள்தான் ஐயா கண்டவர். குப்புறக் கிடந்தவன். உள்ளங்கால் ரெண்டும்தான் வெளிறித் தெரிஞ்சுது, நான் நிறம் பூசாத இடம். கையடியில மண் கிண்டியிருந்தது. கனநேரம் உயிரோட கிடந்திருக்கிறான், டனி."

டனிஸ்ரன் மற்றச் சப்பாத்தையும் எடுத்துவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தான். அன்றிரவு இருவரும் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளி மாலை, வேலை முடிந்து வந்த சிவாஜினி, சந்தை மண் ஒட்டிய காற்சட்டையோடு அவன் மேசையடியில் காத்திருக்கக் கண்டாள். மேசையில் பழைய பத்திரிகை விரித்து, அதன்மேல் சப்பாத்துகளைக் கவிழ்த்து வைத்திருந்தான். பக்கத்தில் வெள்ளை வர்ணப் பேணி.

"கல்லுப் பட்டுக் கொஞ்சம் உரிஞ்சு போச்சு. திரும்ப அடிச்சு விடும்."

"மான் ஓடிடுமே."

"ஓடட்டும்."

விடியப்புறம் அவன் புறப்பட்டபோது தெருவில் மங்கல் வெளிச்சம்தான். கருவேப்பிலைச் சட்டை நாலு எட்டிலேயே வேலிச் செடியோடு கலந்துவிட்டது. வானில் ஏறும்வரை அவனுடைய கால்கள் மாறி மாறி வெள்ளை காட்டின. கதவடியில் நின்று சிவாஜினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.