எஸ்தரை அழைத்துவரப் போன ஊர்

டெக்சஸின் வடக்கே புல்வெளி ஊர்களைப் பார்க்க எப்போது போகலாம், எப்படிப் போகலாம் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் தெரிந்தது ஒரே ஊர்தான். இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டாவது முறை போனது தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு மே மாதக் கடைசியில். அங்கே டொர்னேடோ என்கிற சுழற்காற்று அடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் போனது ஊர் பார்க்க இல்லை, என் தோழி எஸ்தரை அழைத்துவர.

எஸ்தரும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே ஹாஸ்டல். அவள் கணவர் ஜெபசிங் டாக்டர். டாக்டர் இல்லாத சிற்றூரில் மூன்று வருடம் வேலை பார்த்தால் கிரீன் கார்டுக்கு வழி பிறக்கும் என்று அங்கே போனவர்கள். டொர்னேடோவுக்குப் பிறகு அவளிடமிருந்து போன் வந்தது. "ஏட்டி, ஒரு ட்ரக் எடுத்துட்டு வா. என்னால இனிமே இங்க இருக்க முடியாது." அவ்வளவுதான் சொன்னாள்.

டெக்சஸின் தெற்கே, பேர்லேண்டில் எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 290 மைல். வாடகை ட்ரக்குக்கு நாளுக்கு நாற்பது டாலர், மைலுக்குத் தனிக் கணக்கு. காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வழிக்குப் புளியோதரையும் ஒரு டப்பா நிறையப் பொரித்த கூழ்வத்தலும் எடுத்துக்கொண்டேன். ஃப்ரீவேயை விட்டு இறங்கினால் கடைசி நாற்பது மைலுக்கு பெட்ரோல் பங்க் கிடையாது. இரண்டு பக்கமும் புல், முள்கம்பி வேலி, மாடுகள். தூங்காமல் ஓட்டுவதே பெரிய பாடு என்று என் கணவர் ரவி புலம்பிக்கொண்டே வந்தார்.

முந்தைய வருடம் போனபோது ஊரைச் சுற்றிக் காட்டியவர் எஸ்தரின் பக்கத்து வீட்டு ஏர்ல். எழுபதைத் தாண்டியவர். ரயில் வந்ததால் பிறந்த ஊர் அது என்றார். சுற்றுவட்டாரப் பருத்தியெல்லாம் அங்கேதான் வண்டி ஏறியதாம். பிறகு ரயில் நின்றது, பருத்தி போனது, சினிமாக் கொட்டகை மாட்டுத்தீவனக் கடையானது. செங்கல் பேங்க், வெள்ளை மரச் சர்ச், தண்ணீர்த் தொட்டி மூன்றும் மிச்சம். ஏர்லின் மனைவி ரூபி, வாசலில் நின்ற மரத்துப் பெக்கான் கொட்டைகளைப் போட்டு ‘பை’ என்கிற இனிப்புப் பண்டம் சுட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது மீதியையும் கட்டிக் கொடுத்தார்.

இந்த முறை ஊர் எல்லையில் ஷெரிஃபின் ஆளான போலீஸ்காரர் நிறுத்தினார். பெயரைக் கேட்டு, டாக்டரின் நண்பர்கள் என்றதும் விட்டுவிட்டார். சர்ச் தாண்டி இடது பக்கம், தண்ணீர்த் தொட்டி தாண்டி வலது பக்கம் என்று எஸ்தர் பழைய முறை சொன்ன வழி எனக்கு மனப்பாடம். ஆனால் சர்ச்சைக் காணோம். தொட்டியையும் காணோம். ரவி ஒரே தெருவில் மூன்று முறை திரும்பினார்.

"ஊருக்கு இன்னும் வரலையா?" என்றார்.

ஊருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தோம். வீடுகள் இடிந்து கிடக்கவில்லை, வீடுகளே இல்லை. சிமென்ட் தளம் மட்டும் வரிசையாக, பெருக்கிவிட்ட மாதிரி. தொலைக்காட்சியில் பார்த்தது எதுவும் என்னை இதற்குத் தயார் செய்திருக்கவில்லை.

தன் வீடு இருந்த தளத்தின் மேல் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். என் வாய் சும்மா இருக்காதே, "ரூபி ஆன்ட்டி எங்கடி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கொல்லைப்பக்கம் கை காட்டினாள். "அங்க வேட்டியில கூழ்வத்தல் காயப் போட்டிருந்தேன். வானம் கறுத்திச்சு, சைரன் அடிச்சிச்சு. எனக்கு வத்தல் நனைஞ்சிருமேன்னுதான் தோணிச்சு. அள்ளப் போய்ட்டேன். ரூபி ஆன்ட்டி புயலுக்குப் பதுங்குற நிலவறையில இருந்து வெளிய வந்து, ஓடி வந்து என்னை இழுத்துட்டுப் போனாங்க. என்னை முதல்ல உள்ள தள்ளினாங்க. அவங்க எறங்குறதுக்குள்ள..."

மேகம் கறுத்தால் நம் வீட்டுப் பெண்களுக்குக் கால் தானாகக் கொல்லைக்கு ஓடும். நானும் ஓடியிருப்பேன்.

"ஏர்ல் அங்கிளுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு அவர் வெளியூர்ல. ரூபி ஏன் வெளிய வந்தாங்கன்னு எல்லார்ட்டயும் கேட்டுட்டே இருக்கார். அதான் போயிரணும்."

மிஞ்சிய சாமான்கள் பள்ளிக்கூட ஜிம்மில் இருந்தன. ஜெபசிங் அங்கேதான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கிளம்ப மனசில்லை, ஆனால் எஸ்தரைத் தடுக்கவும் இல்லை. ஏழெட்டுப் பெட்டிகளை ஏற்றி முடிக்கும்போது ஏர்ல் வந்தார். கையில் எஸ்தரின் குக்கர், நெளிந்து போய், பளபளவென்று கழுவி.

"என் வயல்ல கிடந்தது. உனக்குத் தேவைப்படும்," என்றார்.

எஸ்தர் உடைந்துவிட்டாள். ஆங்கிலத்தில், அழுகையோடு, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ அள்ளப் போனது என்ன பொருள்?"

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே ட்ரக்கிலிருந்த டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவர் ஒரு வத்தலை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"இதுக்காகவா?" என்றார்.

குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். கையிலிருந்த மீதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ட்ரக்கின் பின்படியில் உட்கார்ந்தார். எஸ்தர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அப்புறம் அவர் வத்தலை முழுவதும் தின்றுவிட்டு, ரூபி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். எஸ்தர் சொன்னாள். அது எங்கள் காதில் விழவில்லை.

சாயங்காலம் அவள் ரவியிடம் வந்தாள். "அண்ணே, பெட்டிய எறக்கிருங்க. சொல்லிட்டு ஓடக் கூடாது. அவர் கேட்டா பதில் சொல்ல நான் இங்க இருக்கணும்."

காலி ட்ரக்கோடு திரும்பினோம். அவர்கள் அங்கே மூன்று வருடத்துக்கும் மேலாகவே இருந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபரில் போங்கள், வெயிலும் குறைவு, புல்லும் பொன்னிறமாக இருக்கும். ஏப்ரல், மே என்றால் ரேடியோவை அணைக்காதீர்கள். தங்கும் இடத்தில் நிலவறை எங்கே என்று முதலில் கேட்டுவிடுங்கள். கண்டிப்பாக டாங்க்கை நிரப்பிக்கொண்டு ஃப்ரீவேயை விட்டு இறங்குங்கள். சைரன் கேட்டால் உடனே உள்ளே போய்விடுங்கள். வெளியே எது காய்ந்தாலும் அப்படியே கிடக்கட்டும்.