ஏழு ஆகமங்கள் கூடுதல்

நான் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க வீட்டுப் பெண். விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் கார்டு. சாயங்காலம் ஆனால் வீட்டில் செபமாலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோவிலில் பூசை. வேதப்புத்தகமும் ஒன்று இருந்தது. கறுப்பு அட்டை போட்ட தடித்த புத்தகம். மாதா படத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி சுற்றி வைத்திருப்போம். அதை எடுத்துப் படிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. படித்தவர்களும் யாருமில்லை.

"அதான் பூசையில சாமியார் படிக்கிறாரு, அர்த்தமும் சொல்றாரு. நாம தனியா படிச்சி என்னத்தக் கண்டுபுடிக்கப் போறோம்?" என்பார் அப்பா.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குத் திண்டிவனத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை கிடைத்தது. காலை பாசஞ்சரில் போய் சாயங்கால பாசஞ்சரில் திரும்புவேன். முண்டியம்பாக்கம் வந்தால் சர்க்கரை ஆலை வாசனை, மயிலம் வந்தால் தூரத்துக் குன்றும் கோபுரமும். அந்தப் பள்ளியில்தான் அவரைப் பார்த்தேன். கணக்கு வாத்தியார், திண்டிவனத்துக்காரர். மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்ததும் நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன். எதிர் மேசையில் அவர் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொள்வார். ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினோம். மற்ற ஆசிரியர்கள் சிரித்துவிட்டார்கள்.

"டீச்சர் ஆர்.சி.ங்களா?"

"ஆமா சார். நீங்க?"

"நாங்க புராட்டஸ்டண்டு. உங்க வேதத்துல எங்கள விட ஏழு ஆகமம், அதான் ஏழு புஸ்தகம், கூடுதல்னு சொல்றாங்களே, நிஜமா?"

எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் முதல் வேலையாகத் துணியைப் பிரித்துப் பொருளடக்கத்தைப் பார்த்தேன். வேதப்புத்தகத்தை நானாகத் திறந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் போய், "கூடுதல் இல்ல சார், உங்களதுலதான் ஏழு குறையுது" என்றேன்.

அன்றிலிருந்து வாக்குவாதம். அவருக்கு மாலையில் ஸ்டேஷன் பக்கம் நடக்கப் போகும் பழக்கம் திடீரென்று வந்தது. வண்டி தாமதமாக வரும் நாட்களில் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். வேதத்தை எழுதியது மனிதக் கைதானே என்பேன். கை மனிதனுடையது, மூச்சு தேவனுடையது என்பார். அவர்கள் தேவன் என்பார்கள், நாங்கள் கடவுள் என்போம். அவர்களுக்கு ஜெபம், எங்களுக்குச் செபம். ஒரு சாயங்காலம் வண்டி வந்து நின்று, கூட்டம் ஏறி, விசில் ஊதியும் நான் எழுந்திருக்கவில்லை. பேச்சு முடியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அடுத்து பஸ்ஸில் போனபோதுதான் பேச்சு மட்டும் காரணமில்லை என்று புரிந்தது.

இரண்டு வீட்டிலும் பேஜாராகத்தான் ஆயிற்று. கடைசியில், கோவிலில் சாமியார் முன்னால்தான் கல்யாணம் என்று அப்பா நின்றார். மாப்பிள்ளையின் அப்பா ஒரு அரசு மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் மூப்பர். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்க வீட்ல சாயங்காலம் எல்லாரும் ஒக்காந்து வேதம் வாசிப்போம். நீயும் வாசிப்பியாம்மா?"

"வாசிக்கிறேன் மாமா" என்றேன். அந்த வார்த்தையில் கல்யாணம் முடிவாயிற்று.

நான் புகுந்த வீட்டில் வேதப்புத்தகம் மேசை மேல் திறந்தே இருந்தது. அதன் மேல் மாமா தன் கண்ணாடியைக்கூடக் கழற்றி வைக்க மாட்டார். அதைத் தரையில் வைத்து யாரும் பார்த்ததில்லை. விளக்கு ஏற்றியதும் அத்தை, அவர், நான், மாமா நால்வரும் பாயில் உட்காருவோம். ஆளுக்கு ஒரு வசனமாக வட்டம் சுற்றி வரும். நான் ஒரு 'அப்பொழுது'வையோ ஒரு 'இதோ'வையோ விட்டுவிட்டால் போதும், மாமா கண்ணைத் திறக்காமலே சொல்வார்:

"ஒரு வார்த்த உட்டுட்டம்மா."

"அர்த்தம் மாறலியே மாமா."

"அர்த்தம் உனக்கு மாறல. இன்னொருத்தனுக்கு அந்த வார்த்தையிலதான் அர்த்தம் இருக்கும். தேவன் சும்மா ஒரு வார்த்தய வெச்சிருக்க மாட்டாரு."

அப்பா என்னோடு எங்கள் தடித்த புத்தகத்தையும் கொடுத்தனுப்பியிருந்தார். மாமா அதைக் கையில் வாங்கிப் பொருளடக்கத்தில் விரலை ஓட்டினார். அந்த ஏழின் மேலும் விரல் ஒரு கணம் நின்று நின்று போயிற்று. பிறகு அவருடைய புத்தகங்கள் இருந்த அலமாரியில் மரியாதையாகத்தான் வைத்தார். "இருக்கட்டும்மா. ஆனா அந்த ஏழ மட்டும் நம்ம ஜெபத்துல வாசிக்க வேணாம்" என்றார். கோபமில்லை. மருந்துச் சீட்டில் இல்லாத மருந்தைக் கொடுக்க மாட்டேன் என்கிற குரல் அது.

முதல் வருஷம் வேர்க்கடலை அறுவடை நேரத்தில் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். அத்தை ஒரு குண்டான் நிறைய மல்லாட்டை வேகவைத்து நடுவில் வைத்தார். தோல் உரித்துக்கொண்டே சம்பந்திகள் இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீங்க வேதம் மட்டும் போதும்ன்றீங்க சம்பந்தி" என்றார் அப்பா. "சரி. அந்த வேதத்துல எது எது இருக்கணும்னு பொறுக்கி எடுத்தது யாருங்க? திருச்சபைதான? அப்ப சபை சொல்லித்தான அது வேதம் ஆச்சி?"

மாமா ஒரு கொட்டையை மென்று முடித்தார். "சபை பொறுக்கல சம்பந்தி, அடையாளம் கண்டுக்கிச்சி. ஆசாரி தங்கத்த உரசிப் பாக்கறாரு. அவரு உரசுனதாலயா அது தங்கமாச்சி? அது ஏற்கெனவே தங்கம். அவரு கண்டுக்கினாரு, அவ்ளோதான்."

அப்பா இன்னொரு கொட்டையை உரித்தார். "இருந்தாலும் அந்த ஆசாரி வேணும்ல?" என்றார்.

மாமா சிரித்துவிட்டார். "ஆசாரி வேணும். ஆனா ஆசாரி தப்பா சொன்னா, தங்கம் பித்தளையாயிடாது பாருங்க."

ரயிலுக்கு நேரமாகும் வரை இது ஓடியது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கிளம்பும்போது அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "உன் மாமனாரு நல்ல மனுஷன்மா. படிப்பத் தப்பா படிச்சிட்டாரு, அவ்ளோதான்" என்றார். அதே ராகத்தில் மாமா அப்பாவைப் பற்றி அத்தையிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டொரு வருஷத்தில் மாமாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. புத்தகத்தை ஜன்னலோரம் எடுத்துப் போவார், தூக்கிப் பிடிப்பார், தள்ளிப் பிடிப்பார். நிறைய வசனம் மனப்பாடம் என்பதால் எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் அவர் முறை வந்தபோது அடுத்த பக்கத்து வசனத்தைச் சொன்னார். அவருக்கே தெரிந்துவிட்டது. புத்தகத்தை மெல்ல மூடிவிட்டு, "எழுத்து தெரியலம்மா" என்றார்.

பாண்டிச்சேரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வீட்டுக்கு வந்தபோது ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் புகை மாதிரித் திரை. குனியக் கூடாது, இருமக் கூடாது, அழவோ குலுங்கிச் சிரிக்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளிக்குக் கோடை விடுமுறை. என் வீட்டுக்காரர் தேர்வுத்தாள் திருத்தப் போயிருந்தார். மாமாவுக்கு வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது.

கட்டிலில் மல்லாந்து படுத்தபடி கேட்பார். முதல் சில நாட்கள் அவருக்கு அது பிடிக்கவே இல்லை. "நீ வாசிச்சா உன் கொரல்தான் கேக்குது. நானா பாத்தாதான் அது நேரா வருது" என்றார்.

"எங்களுக்கு எப்பவுமே காது வழியாத்தான் மாமா வந்துச்சி" என்றேன். "பூசையில நின்னுக்கினு கேப்போம். அதுவும் நேராதான் வந்துச்சி."

மாமா தலையை என் பக்கம் திருப்பி, "எப்படிம்மா, வேதத்த கேக்காம உடறதும் இல்ல, படிக்கறதும் இல்ல நீங்க?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பதிலுக்கு அவர் தன் கதையைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களாம். "மருந்து முடிஞ்சி போச்சின்னா கம்பவுண்டருக்கு என்ன இருக்கு? வசனத்தச் சொல்லுவேன். வேதக்காரங்க இல்லாதவங்களும் 'இன்னொரு தரம் சொல்லுங்க'ன்னு கேப்பாங்க. நான் சொந்தமா ஆறுதல் சொல்லிப் பாத்திருக்கேன், யாரும் இன்னொரு தரம் கேட்டதில்ல. அதனாலதான் சொல்றேன், அது என் வார்த்த மாதிரி இல்ல."

வேதம் தேவனுடைய வார்த்தை என்பதற்கு எத்தனையோ விளக்கங்களை அதற்குப் பின் கேட்டிருக்கிறேன். இந்த ஒன்றுதான் எனக்கு மறக்கவில்லை.

அன்று மதியம், எங்கள் தடித்த புத்தகத்தில் ஒரு குருட்டுப் பெரியவர் கதை இருப்பது எனக்கு நினைவு வந்தது. அந்த ஏழில் ஒன்று. தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமா தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"வேதம்னு படிக்காத. கதன்னு படி. கேக்கறேன்" என்றார்.

படித்தேன். சுவரோரம் தூங்கிய பெரியவர் கண்ணில் குருவி எச்சமிட்டு வெள்ளைத் திரை விழுகிறது. மனைவி நெசவு வேலைக்குப் போய், வெகுமதியாக ஒரு ஆட்டுக்குட்டி கொண்டு வருகிறாள். அது கத்துவதைக் கேட்டு, திருடிக்கொண்டு வந்தாயா என்று குருடர் சந்தேகப்படுகிறார். அவள் திருப்பி விளாசுகிறாள். அடுப்படியிலிருந்து அத்தை கரண்டியோடு வந்துவிட்டார்.

"கண்ணு தெரியாம படுத்திருக்கறப்பகூட பொண்டாட்டி மேலதான் சந்தேகம். எல்லா ஊர்லயும் இப்பிடித்தானா?"

மாமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று அத்தை அவர் தோளை அமுக்கிப் பிடித்தார். அதற்குள் அத்தையே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

கதையில் பெரியவரின் மகன் தூர தேசத்துக்குக் கிளம்புகிறான். வழித்துணையாக வருபவன் தேவதூதன் என்று அவனுக்குத் தெரியாது. பின்னால் வீட்டு நாயும் போகிறது. "நாய எதுக்கும்மா எழுதினான்?" என்றார் மாமா. "போச்சி மாமா, அதனால எழுதிட்டாங்க." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கடைசியில் மகன் திரும்பி வந்து, வழியில் பிடித்த மீனின் பித்தநீரை அப்பா கண்ணில் தடவுகிறான். திரை உரிந்து வருகிறது. பெரியவர் மகன் முகத்தைப் பார்த்து அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்.

நான் நிறுத்தினேன். கட்டின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. அத்தை அவசரமாகப் பஞ்சை எடுத்து ஒற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா. "ஆனா வேதம் இல்ல."

"சரிங்க மாமா."

"நாளைக்கி மறுபடி படி."

கட்டு பிரிப்பதற்குள் அந்தக் கதையைப் பல தடவை படித்துவிட்டேன். ஆடு வரும் இடத்தில் அத்தை தவறாமல் வந்து நிற்பார்.

வீட்டில் நடந்தது எப்படியோ சபைக்குப் போய்விட்டது. அத்தைதான் யாரிடமோ சிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணை விசாரிக்க வந்த இன்னொரு மூப்பர், காபியைக் குடித்து முடித்துவிட்டுத் தொடங்கினார்.

"அண்ணே, ஆர்.சி. வேதத்த வீட்ல வாசிக்கிறீங்கன்னு பேசிக்கிறாங்க. வேதத்தோட ஒண்ணக் கூட்டினாலும் சாபம்னு எழுதியிருக்கு. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமா புதுக் கண்ணாடி போட்டிருந்தார். சோடாப் புட்டி மாதிரி தடித்த கண்ணாடிக்குள் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"கூட்டினா சாபம்னு இருக்கு. கொறச்சாலும்னு அதுலயே இருக்கு" என்றார் நிதானமாக. "நான் கூட்டல. எனக்கு அறுபத்தாறு ஆகமம்தான், சாவற வரைக்கும் அதான். ஆனா கண்ணு தெரியாம கெடந்தப்ப என் மருமவ ஒரு கத படிச்சா. கேட்டுக்கினு இருந்தேன். அன்னிக்கிதான் ரொம்ப நாளு கழிச்சி முழு மனசா ஜெபம் பண்ணேன். அது சாபமாங்க? நீங்களே சொல்லுங்க."

வந்தவர் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு புதுக் கண்ணாடியில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஜெபித்துவிட்டுத்தான் பிரிந்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில் எங்களுக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாயிற்று. மாமாவும் அத்தையும் திண்டிவனத்திலேயே இருந்துகொண்டார்கள். சில சனிக்கிழமைகளில் மாமா மட்டும் பாசஞ்சரில் வந்து எங்களோடு தங்குவார். ஞாயிறு காலை நான் பூசைக்குக் கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்க வரமாட்டார், முழங்காலும் போடமாட்டார். கடைசித் தூணோரம் நிற்பார். வேத வாசகம் தொடங்கினால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். முன்னால் ஒரு பெண் எங்கள் மொழிபெயர்ப்பில் வாசித்துக்கொண்டிருந்தாள். தூணோரம் மாமாவின் உதடுகள் அதே வசனத்தைத் தன்னுடைய மொழிபெயர்ப்பில் முணுமுணுத்தன. அவளுக்குக் கடவுள், அவருக்குத் தேவன். அவளுடைய வாக்கியம் சின்னது, அவருடையது நீளம். அவள் முடித்து அடுத்த வரிக்குப் போன பிறகும் மாமா ஒரு வார்த்தையையும் விடாமல், தன் வரியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வாயை மூடினார்.