பதிவேடு திறந்திருந்த நாள்

கியூபெக்கில் ரொக்ஸ்பரோ என்ற ஊரில் எங்கள் வீடு தெரு மூலையில் இருக்கிறது. நேரெதிர் வீட்டில் தனியாக வசிக்கும், பிரெஞ்சு பேசும் கியூபெக் பெண்ணை நாங்கள் முன்வீட்டு மதாம் என்றுதான் சொல்வோம். காலையில் கோப்பியும் கையுமாக யன்னலடிக்கு வந்தால் அவர் பார்ப்பது எங்கள் வாசலைத்தான். யார் வருகிறார்கள், எத்தனை கார் நிற்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் வேலியின் உயரத்தை அளக்க நகரசபையிலிருந்து ஆள் வந்தபோது, முறைப்பாடு செய்தது யார் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

எனக்கு ஆட்களை லேசில் நம்ப வராது. என் கணவர் என்னை விட ஒரு படி மேல். கதவைத் தட்டுகிறவர் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்தவரோ இன்டர்நெட் விற்க வந்தவரோ, முதலில் யன்னல் திரையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சம். அப்படிப் பார்த்தால் நாங்களும் யன்னலால் பார்க்கிற சனம்தான். ஆனால் நாங்கள் காரணத்தோடு பார்க்கிறோம் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

அப்போது நான் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை செய்தேன். குளிரூட்டிய அறையில் நின்றபடி தட்டுகளில் பாணும் பட்டரும் அடுக்குகிற வேலை. தோள்மூட்டு போய்விட்டது. அந்த வேலையோடு, மாலை வகுப்புக்குப் போய், பிள்ளை பராமரிப்புப் படிப்பைப் பிரெஞ்சில் படித்து முடித்தேன். வீட்டின் கீழ்த்தளத்தைச் சிறிய கார்டெரியாக, அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையமாக, மாற்ற வேண்டும், டோர்வல் பஸ்ஸில் இனி ஏறவே கூடாது, இதுதான் என் ஆசை. வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை. எங்கள் தெருவில் குடியிருக்க மட்டும்தான் அனுமதி என்பதால், நகரசபை எங்கள் வளவுக்கான விதியை மாற்ற வேண்டியிருந்தது. கூட்டம் வைத்தார்கள், பேசினார்கள், ஓரிருவர் எதிர்த்துச் சத்தம் போட்டும் மாற்றத்துக்குச் சம்மதமும் தெரிவித்தார்கள். அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சில கிழமைகளில் எங்கள் புல்தரையில் ஓர் அறிவித்தல் பலகை முளைத்தது. பிரெஞ்சை நெருக்கி நெருக்கி அடித்திருந்தார்கள். இந்த மாற்றம் பற்றி நகரசபை ஒரு நாள் முழுக்கப் பதிவேடு திறந்து வைக்கும், சுற்றியுள்ள தெருக்களின் வாக்காளர்கள் வந்து கையெழுத்து வைக்கலாம், போதிய கையெழுத்துச் சேரவேண்டும் என்பது வரைக்கும் எங்களுக்கு விளங்கியது. மிச்சத்தை எங்கள் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டோம். மகள் ஒட்டாவாவில் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பலகை எங்களுக்கு விளங்காதா என்ற வீறாப்பு.

எங்கள் அனுபவம் என்ன? கையெழுத்துப் போராட்டம். இந்த ஊரில் நாங்கள் கையெழுத்து வைக்காத இடமில்லை. கோயில் வாசலில் வைத்திருக்கிறோம், மரக்கறிக் கடை வாசலில் வைத்திருக்கிறோம், மெட்ரோ வாசலில் பனிக்குள் நின்று கையுறையைக் கழற்றி வைத்திருக்கிறோம். எதற்கு என்று பாதிப்பேர் வாசிப்பதில்லை. நியாயம் வேண்டும் என்று கேட்பதற்குத்தான் கையெழுத்து, வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒருவர் கையெழுத்து வைப்பார் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"மதாம் பலகையைப் படம் எடுத்தவ," என்றார் கணவர். "எங்களுக்கு எதிராய் ஆள் சேர்க்கப் போறா. இஞ்சாரும், நாங்களும் சும்மா இருக்கேலாது."

அவர் சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தெருக்களில் உள்ள தமிழ் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். எல்லோரும் ஓம் என்றார்கள். எங்கள் ஆட்களை ஒரு கலியாணத்துக்கு நேரத்துக்குக் கூப்பிட முடியாது, கையெழுத்துக்குக் கூப்பிடலாம்.

பதிவேட்டுக்கு முதல் நாள் பின்னேரம் மதாம் தெருவைக் கடந்து எங்கள் கதவடிக்கு வந்தார். கையில் ஒரு போத்தல் ஜாம். இத்தனை வருடத்தில் அவர் எங்கள் படி ஏறியது அதுதான் முதல் தடவை. போத்தலைத் தந்துவிட்டு, "நாளைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள், மதாம்," என்று பிரெஞ்சில் சொன்னார். எனக்கு நன்றாக விளங்கியது. பிறகு வேகமாக என்னவோ விளக்கத் தொடங்கினார். அதை நான் கேட்க விரும்பவில்லை. "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லிச் சிரித்தபடியே கதவைச் சாத்தினேன்.

"பாத்தீரே? பயந்திட்டா," என்றார் உள்ளே நின்ற கணவர். "அப்ப இன்னும் ஆக்களைக் கூட்டவேணும்."

ஜாமை நான் திறக்கவில்லை. அதற்குள் என்ன கிடக்கிறதோ என்று குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை நகரசபை அலுவலகம் திறந்தபோது வரிசையில் முதல் ஆள் நான். உத்தியோகத்தர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு விலாசத்தைப் பார்த்தார், பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் எதுவும் சொல்லக்கூடாது போலும். கலியாணப் பதிவில் வைத்ததை விட வடிவாகக் கையெழுத்து வைத்தேன்.

பின்னேரம் டோர்வலிலிருந்தும் புவாண்ட்-கிளேர்ப் பண்டகசாலைகளிலிருந்தும் வேலை முடிந்த எங்கள் சனம் உடுப்பு மாற்றாமலே வந்து சேர்ந்தது. மதாமும் வந்தார். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, வருகிற தமிழரை மறித்து மறித்து ஏதோ சொல்ல முயன்றார். "வெருட்ட வந்து நிக்கிறா, நீங்கள் இஞ்சாலை வாங்கோ அண்ணை," என்று கணவர் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து மதாமைச் சுற்றி உள்ளே கூட்டிப்போனார்.

ஏழு மணிக்குக் கதவைச் சாத்தி எண்ணினார்கள். உத்தியோகத்தர் வந்து, தேவையான எண்ணிக்கை தாண்டிவிட்டது என்று வாசித்தார். நாங்கள் கைதட்டினோம். கணவர் எழும்பி நின்று தட்டினார். பின்வரிசையில் இருந்த வேறு தெருக்காரர் சிலர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து கணவரின் கையைக் குலுக்கி, மெர்சி சொல்லிவிட்டுப் போனார். நகரசபையின் அந்த முதல் கூட்டத்தில் எங்கள் கார்டெரி வேண்டாம் என்று சத்தம் போட்ட மனிதர் அவர். அந்த மெர்சி எனக்குப் பிடிக்கவில்லை.

மதாம் என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை மெதுவாகச் சொன்னார், நானும் கேட்டேன். அந்தப் பதிவேடு விதி மாற்றத்தை எதிர்ப்பவர்களுக்கு. பொது வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்கிறவர்கள்தான் அதில் கையெழுத்து வைப்பார்கள். சம்மதம் உள்ளவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் வீட்டில் இருப்பதுதான். எங்கள் சனம் வராமல் இருந்திருந்தால் எண்ணிக்கை கிட்டவும் வந்திராது.

"நீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் வைக்கவில்லை. என் மகளின் குழந்தைக்கு உங்களிடம் ஓர் இடம் கேட்கலாம் என்று இருந்தேன். எங்கேயும் இடம் இல்லை. வேலை எப்போது தொடங்குவீர்கள் என்று தினமும் பார்ப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழ வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

பொது வாக்கெடுப்பு நடத்தினால் தெருவே இரண்டாகும், செலவு வேறு என்று நகரசபை அந்த மாற்றத்தையே மீளப்பெற்றது. எங்கள் கார்டெரி அதோடு முடிந்தது. ஒரு கிழமை கழித்துக் கணவர், அந்த உத்தியோகத்தர் வேண்டுமென்றேதான் எங்களுக்குச் சொல்லாமல் விட்டவர் என்று தொடங்கினார். என்னை ஒரு மாதிரிப் பார்த்ததை நினைத்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. நான் டோர்வல் பஸ்ஸில்தான் இன்னும் போகிறேன். ஜாமைத் திறந்து பாணில் பூசிச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

போன மாதம் மரக்கறிக் கடையில், அன்று கையெழுத்து வைத்த ஓர் அக்காவைக் கண்டேன்.

"எங்கடை எல்லாற்றை கையெழுத்தும் வீணாப் போச்செல்லே," என்றார். "அந்த முன்வீட்டு மனுசிதானே கெடுத்தவ? எனக்கு அண்டைக்கே தெரியும், வாசல்லை நிண்ட நிலையைப் பாத்து."

"இல்லை அக்கா. அவ ஒண்டும் செய்யேல்லை. வேண்டாம் எண்டு கையெழுத்து வைச்சது நாங்கள்தான். முதல் கையெழுத்து என்ரை."

அவர் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உம்மளை நல்லா வெருட்டி வைச்சிருக்கிறா போலை," என்றார். அவருடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.