‘நில்’ என்று நிரப்பிய கட்டம்

1. படிவம்

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு காலை, சங்கரன்கோவில் மின் அலுவலகத்தில் என் மேஜைக்கு ஒரு படிவம் வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எந்த ஊருக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று ஊர்வாரியாக எழுத வேண்டும். எங்கள் தாள் சென்னைக்குப் போகும், அங்கிருந்து டெல்லிக்கு. டவர் லைன் எந்த வழியாகப் போகும், சப்-ஸ்டேஷன் எங்கே வரும் என்று இதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். நான் ஜூனியர் இன்ஜினியர். மூன்று நாள் கெடு.

புளியங்குடி, ராயகிரிப் பக்கம் பம்ப்செட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது. இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து பதிவேட்டில் ஒரு மனுகூட இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். பக்கத்தில் லைன் இல்லாத ஊர்களின் மனுக்களைப் பதியாமலே திருப்பிக் கொடுத்துவிடுவோம். பதிந்தால் நிலுவை கூடும். கூடினால் மேலிடத்தில் ஏச்சு வாங்க வேண்டும். சாலமோன் என்ற விவசாயியின் மனுவை நானே மூன்று முறை திருப்பியிருந்தேன்.

மேலதிகாரியிடம் இதைச் சொன்னேன்.

“பதிவேட்டுல இருக்கா வே?”

“இல்ல சார். ஆனா ஆளுக கேக்காங்க.”

“கேக்கத்தான் செய்வான். நீரு என்ன, ஊரு ஊராப் போயி ஜோசியம் பாக்கப் போறீரா? ‘நில்’னு போட்டு அனுப்பும்.”

போட்டேன். பஸ் ஏறி ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

2. சாலமோன்

மறுநாளே அவர் நான்காம் முறையாக வந்தார். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். தம்பிகளோடு சேர்ந்து வெட்டிய கிணற்றில் நல்ல தண்ணீர். மாடு கட்டி இறைத்தால் அரை ஏக்கர் நனையும். மோட்டார் வைத்தால் நிலம் முழுக்க மிளகாய் போடலாம். மேஜையில் கிடந்த தாளை எட்டிப் பார்த்தார்.

“எங்க ஊருக்கு நேரா ‘நில்’லுன்னு எழுதியிருக்கிய?”

“அது இங்கிலீஷ் அண்ணாச்சி. ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.”

“அது எனக்கும் தெரியும் சார். மூணு வாட்டி வந்து கேட்டேன்லா, அது ஒண்ணும் இல்லியா?”

“லைன் வரட்டும், பாப்போம்.”

“மனு இல்லாம லைன் வராது. லைன் இல்லாம மனு வாங்க மாட்டிய. நல்லா இருக்கு வே உங்க நாயம்! எங்கள மட்டும் நில்லுன்னு நிப்பாட்டிட்டு, மத்தவனுக்கெல்லாம் கரண்டு!”

‘சார்’ போய் ‘வே’ வந்தது எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆத்திரத்தில், திருத்தியிருக்கக்கூடிய தாளை அவர் கண்முன்னாலேயே உறையில் போட்டு ஒட்டினேன்.

3. பூஜ்யம்

எங்கள் திட்டமிடல் எளிமையானது. இன்றைய தேவையை எடுத்து, ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளரும் என்று பெருக்கிக்கொண்டே போவார்கள். பூஜ்யம் எத்தனை ஆண்டு பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

டவர் லைன் வந்தது. ஒரு டவர் சாலமோன் நிலத்திலேயே நின்றது. ஆனால் அந்த உயர் அழுத்தக் கம்பியிலிருந்து நேராக ஒரு மோட்டாருக்கு மின்சாரம் எடுக்க முடியாது. நடுவில் சப்-ஸ்டேஷன் வேண்டும். தேவையே இல்லாத ஊருக்கு அது எதற்கு?

சில ஆண்டுகள் கழித்துத் திட்டத்தை மறுபரிசீலனை செய்ய அதே படிவம் வந்தது. பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் இப்போது நான். திருத்தினால் முன்பு ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார்கள். ‘முன்பு போலவே’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த அதிகாரியைத் திட்டி இந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தப் பகுதியை யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில், பஸ் ஸ்டாண்டில் சாலமோனைப் பார்த்தேன். மனைவி, பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டி.

“எங்க அண்ணாச்சி?”

“மில்லு வேலைக்குப் போறோம். மாட்ட வித்தாச்சு. கெணத்துல தண்ணி கெடக்கு. வேணும்னா நீரு போயிக் குடியும்.”

இன்றைய இளம் பொறியாளர்களுக்கு ஒன்று சொல்வேன். பதிவேட்டில் மனு இல்லையென்றால், தேவை இல்லை என்று எழுதாதீர்கள். வந்த மனுவைத் திருப்பியது யார் என்று கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் அது நான்.