கூரையோரத்து வோக்கியே

அந்தெல்ம் வோக்கியே மறுபடியும் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார். அவர் வரையும் படம் அலமாரியின் உச்சியில் கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார், எழுந்து நாற்காலியில் ஏறி, படத்திலிருக்கும் நியோபியின் நெற்றியைத் தூரிகையால் ஒரு விரற்கடை உயர்த்துகிறார், இறங்கி வந்து மறுபடியும் படுக்கிறார். கதவைத் தட்டினால் எழுந்து வரமாட்டார். "உள்ள வாங்க மதாம், என்னை மிதிச்சிடாதீங்க. கீழ இருந்து பாருங்க" என்பார்.

நான் எதிர் அறைக்காரி, பூக்கள் வரைகிறவள். பாத்திஞோல் பேட்டையில் எங்கள் மாடி முழுக்க ஆளிவிதை எண்ணெயும் வெங்காய சூப்பும் கலந்த வாடை. எண்ணெய் அவருடையது, சூப் அவர் மனைவி சிடோனியுடையது. வர்ணம் குழைக்கும் கத்தியாலேயே முள்ளங்கிக்கு வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார். சிடோனி திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

வோக்கியே, கிரெனோபிள் ஊரில் கையுறை தைப்பவரின் மகன். அரசாங்க ஓவியப் பள்ளியில் படித்தார். ஜெயிப்பவரை ரோமுக்குப் படிக்க அனுப்பும் போட்டியில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவன் ரோமுக்குப் போனான், இவர் வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து தன் படங்களில் கிரேக்கர்களையும் ரோமானியர்களையும் சாகடித்துக்கொண்டிருக்கிறார். வரைந்து முடித்ததும் மென்மயிர்த் தூரிகையால் நாள்கணக்கில் நீவுவார். "தூரிகை போன தடம் தெரியக்கூடாது. தெரிஞ்சா நாம பட்ட பாடுதான் தெரியும், படம் தெரியாது."

மே மாதக் கண்காட்சியில் சுவரே தெரியாமல் தரையிலிருந்து கூரைவரை படங்களை மாட்டுவார்கள். கண்ணுக்கு நேரான வரிசை, மாட்டும் குழுக்காரர்களுக்கும் அவர்களுடைய சீடர்களுக்கும். வோக்கியேக்கு எப்போதும் கூரையோரம்தான். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாலாவது வாய்விட்டுத் திட்டலாம். ஏற்றுக்கொண்டுவிட்டு யார் கண்ணிலும் படாமல் தூக்கி வைப்பவர்களை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கு வயிறு எரிகிறது. அவருக்கு எரிவதில்லை, அதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது.

கோபப்படுவதற்குப் பதில் அவர் யோசித்தார். "எல்லாரும் தன் கண்ணுக்கு நேரா வரையறாங்க மதாம். அதைத் தூக்கி மேல மாட்டினா தலை சுண்டைக்காயாப் போயிடுது. நான் ஆணிக்கு ஏத்த மாதிரி வரையறேன்."

அப்படி வரைந்ததுதான் இந்த ஆண்டின் நியோபி, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய். பாதம் சிறிது, கழுத்து நீளம், தலை பெரிது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். எல்லாம் சரியான அளவுக்கு வந்து நின்றது. முகம் சிடோனியின் முகம். அவர் வரைவதற்காகக் குளிர்காலம் முழுக்க அணைந்த அடுப்பின் பக்கத்தில் கையைத் தூக்கியபடி நின்றவள் அவள்தான். கண்காட்சிக்கு அவள் ஒரு முறையும் போனதில்லை. "கழுத்து சுளுக்கிக்கிட்டு என் முகத்தை நானே தேடணுமா?" என்பாள். இந்த முறை வருவதாகச் சொன்னாள். அவருக்கு வேறு எந்தப் பதக்கமும் தேவைப்படவில்லை.

திறப்புக்கு முந்தின நாள் வார்னிஷ் நாள். ஓவியர்கள் டப்பாவும் ஏணியுமாக வந்து, மாட்டியிருக்கும் படத்துக்குக் கடைசிப் பூச்சுப் பூசுவார்கள். வோக்கியே கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டில் வந்தார். அதில் ஒரு சொட்டு வார்னிஷ் இதுவரை பட்டதில்லை. அவரும் சிடோனியும் நானும் கண்காட்சி அறையின் கூரையோரம் முழுக்கத் தேடினோம். படம் இல்லை.

சிடோனிதான் கண்டுபிடித்தாள். வாசலுக்கு எதிரே, நட்டநடுவில், கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தார்கள்.

யாரோ பெரிய மனிதர் கடைசி நேரத்தில் தன் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். காலியான இடத்துக்கு வோக்கியேயின் சட்டம் அச்சாகப் பொருந்தியதாம். இத்தனை ஆண்டு ஏங்கிய இடம் இப்படியா வர வேண்டும்! படத்தின் முன்னால் ஒரு கூட்டம் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நியோபி பூசணித் தலையும் பொம்மைக் காலுமாக நின்றாள். "பிள்ளைங்க போன துக்கத்துல அம்மாவுக்குத் தலை வீங்கிடுச்சு போல" என்றான் ஒருவன். சிடோனியின் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

மாட்டும் குழுக்காரர் ஒருவர் மதியச் சாப்பாட்டின் பச்சை சாஸைத் தாடியிலிருந்து துடைத்தபடி வந்தார். வோக்கியே தொப்பியைக் கழற்றி, படத்தை மேலேயே மாட்டிவிடும்படி கேட்டார்.

"ஊரே கீழ இடம் கேட்டு அழுவுது. உமக்கு மேல வேணுமா? போமய்யா."

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. படத்தைப் பார்த்துத்தான் மாட்டினீர்களா என்று கேட்டேன்.

"ஒவ்வொண்ணையும் பாத்துக்கிட்டிருந்தா மாட்டி முடிக்க முடியுமா மதாம்?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அவர் தாடியைப் பிடித்து இழுக்காமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன். வோக்கியே வார்னிஷ் டப்பாவை ஓரமாக வைத்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றினார். அத்தனை பேர் நடந்து அழுக்கான பலகைத் தரையில், நியோபியின் காலடியில் அதை விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, சிடோனி உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கக் கை நீட்டினார்.