எக்ஸ்ரே படத்தில் வெட்டிய இலை

மதினி வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு பழைய எக்ஸ்ரே படம் தொங்குகிறது. என் அண்ணனின் நெஞ்சு அது. விலா எலும்புகளுக்கு நடுவே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் துளை வெட்டியிருக்கிறது. துளையைச் சுற்றிப் பச்சைப் பெயிண்ட் காய்ந்து தடித்திருக்கிறது.

மூணாறுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் மதினி. ரிட்டயரானால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவர்கள் பலர் திருநெல்வேலிப் பக்கம் போய், பேருக்குச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு வெயிலில் வாடினார்கள். மதினிக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. அண்ணன் இறந்தபின், இருவரும் சரிவில் கட்டி வைத்திருந்த சின்ன வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடலாம் என்று முடிவுசெய்தார். அது நடந்தால் மலையில் இருக்கலாம். இல்லாவிட்டால் பஸ் ஏற வேண்டியதுதான்.

அறையைப் படம் எடுத்து நெட்டில் போட்டால்தான் ஆள் வரும். வெறும் சுவரை யார் பார்ப்பார்கள்? வால்பேப்பர் கட்டுப்படியாகாது. போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டில் ஒட்டிய வால்பேப்பர் முதல் மழைக்கே உரிந்து தொங்கியது. அச்சு வெட்டிப் பெயிண்ட் ஒற்றலாம் என்றேன். அட்டையில் வெட்டினோம், ஈரத்தில் நைந்துபோயிற்று. மதினி உள்ளே போய் அண்ணனின் ஆஸ்பத்திரிப் பையை எடுத்துவந்தார். எக்ஸ்ரே படம் நனைந்தாலும் ஊறாது.

“அண்ணன் நெஞ்சையா வெட்டுறீங்க?” என்று கத்திவிட்டேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“சும்மா கெட புள்ள. அவரு நெஞ்சுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இதுல இருக்கறது டாக்டருக்குத்தான் வேணும்” என்றார், பிளேடிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று நாள் பஞ்சால் ஒற்றினார். ஒவ்வொரு வரிசைக்கும் தரையிலிருந்து சாண் போட்டு அளந்தார். கழுவுகிற தண்ணீர் ஓடட்டும் என்று கொத்தனார் தரையை வாசல் பக்கம் சாய்த்துப் போட்டிருந்தது இருவருக்குமே நினைவில்லை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், இலை வரிசை மொத்தமும் வாசலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. போச்சு என்று தலையில் கை வைத்தேன். மறுநாள் முதல் ஆட்கள் வருகிறார்கள்.

“தேயிலக் காட்டுல மட்டும் நேராவா நட்டிருக்கு?” என்றார் மதினி. பஞ்சை எடுத்துத் திரும்பக் கீழே வைத்தார்.

வந்த சென்னைத் தம்பதி அந்தச் சுவர் முன்னால்தான் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மலைச்சரிவை அப்படியே கொண்டுவந்திருக்கிறீர்களே என்று பாராட்டு வேறு. மதினி என் பக்கமே திரும்பாமல் “ஆமாங்க” என்றார்.

ஆறு வருடமாகிறது. சீசனில் அறைகள் காலியாகக் கிடப்பதில்லை. சுவர் மங்கிவிட்டதே என்று போன மாதம் கடையில் ரெடிமேட் பிளாஸ்டிக் அச்சு ஒன்று வாங்கிப் போனேன். மதினி சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அப்படியானால் அண்ணன் எக்ஸ்ரே படத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

“அது தர முடியாது. என் ரூம்ல ஒரு செவரு பாக்கி இருக்கு.”

போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு எதிரே வெள்ளைச் சுவர். கீழ் மூலையில் ஆறே ஆறு கொழுந்து, வரிசையாக.

“அவரு திதிக்கு வருசம் ஒண்ணு வைக்கேன்” என்றார் பின்னால் வந்து நின்ற மதினி. “வெரசா முடிச்சுட்டா அப்புறம் இவர என்ன செய்ய?” என்று ஜன்னலில் தொங்கிய படத்தைக் காட்டினார்.