துபாய்க்கு முன் ஒரு கேம்பேட்

அன்று என் அறையில் இருந்தது நானும் லப்பைக்குடிக்காட்டு நண்பனும்தான். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்கு எறையூர்ப் பக்கம் போயிருந்தார்கள்.

அடுத்த வாரம் அவன் துபாய் போகிறான். ஸ்கூல் நாட்களில் வாடகைக் கடையில் ஆடிய டிவி கேம் ஒன்று. ரெண்டு பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டே ஓடுவது. அதன் கடைசி ஸ்டேஜை முடித்ததே இல்லை, அதற்குள் நேரம் தீர்ந்துவிடும். போவதற்குள் முடிக்கணும் என்றான். பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரை ஃப்ளாப்பியில் கொண்டுவந்திருந்தேன். ஆனால் ஒரே கீபோர்டில் இருவர் ஆடினால், அவன் ஆள் குதிக்கும்போது என் ஆள் சுடமாட்டான். நாலு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் கீபோர்டு வாங்காது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி கடையில், கையில் பிடித்து ஆடும் டிவி கேம் பேட் ஜோடி நூற்றறுபது. அதன் ஒன்பது ஓட்டைப் பிளக்கைப் பார்த்ததும், என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒன்பது முள்ளோடு இரண்டு இடம் சும்மா கிடப்பது ஞாபகம் வந்தது.

டிவிக்குத்தான் ஆகும் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். தெரியும்ணே என்றேன். வீட்டில் முதலில் படித்தவன் நான். மிக்ஸி வாங்குவதென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லவே வராமல் போயிருந்தது.

வாங்கிவந்து செருகினேன், கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேர் தேடித் தேடிக் கண் எரிந்ததுதான் மிச்சம். கவர் பிரித்ததைக் கடையிலும் திரும்ப எடுக்கவில்லை.

"முள்ளு பொருந்திருச்சு மாப்ள, மூளைதான் பொருந்தல" என்றான் நண்பன்.

வெளிநாடு போகிறவன் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்வது அவர்கள் ஊர் வழக்கம். அவனுக்கு ஒழிவில்லை. நான் மட்டும் அரியலூர் போனேன். அங்கே யுஎஸ்பி பேட் இரண்டு ரகம். அதிர்கிற பேட் அறுநூறு, அதிராதது முந்நூற்றைம்பது. பழைய கேமுக்கு அதிர்வு எதற்கு? கூட்டல் குறி மாதிரியிருந்த பட்டனைக் கட்டைவிரலால் நாலு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, அதிராததில் ஒன்று வாங்கினேன். இன்னொருவருக்குக் கீபோர்டு போதும்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் களைத்துப்போய் வந்தான். பேடை அவனிடம் கொடுத்தேன். கடைசி ஸ்டேஜ் பாதி தாண்டியிருக்கும், வாசலில் அவன் அத்தா ஹாரன் அடித்தார். இன்னும் சில வீடுகள் பாக்கியாம்.

"அப்படியே சேவ் பண்ணி வை மாப்ள. லீவுல வந்து முடிப்போம், இன்ஷா அல்லாஹ்."

செலவில் பாதி தருகிறேன் என்றான், வாங்கவில்லை. டிவி பேட், யுஎஸ்பி பேட், அரியலூர் போய்வர பஸ் இருபத்தாறு. ஆக மொத்தம் ஐந்நூற்று முப்பத்தாறு ரூபாய்.